ரத்தம் போகும் வழியெல்லாம்

ஈறில் ஒரு சிவந்த கட்டி. நிலக்கடலை அளவுதான் இருக்கும். பல் துலக்கும்போது ரத்தம் கசிகிறது, சில நாளில் தானாக நிற்கிறது, மறுபடி வருகிறது. பார்க்கிற பல் மருத்துவருக்கு முதலில் தோன்றுவது ஈறு வீக்கம், இல்லையென்றால் சிறிய ரத்தக்குழாய்க் கட்டி. இரண்டும் அன்றாடம் வருபவை, பயப்படத் தேவையில்லாதவை. மரத்துப்போக ஊசி போட்டுக் கத்தியை வைத்ததும் ரத்தம் பீறிடுகிறது. பஞ்சை வைத்து அழுத்தி, தையல் போட்டு, ஒருவழியாக நிறுத்தி, எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். சில நாள் கழித்து வரும் அறிக்கையின் கடைசி வரி, வயிற்றை ஸ்கேன் செய்து சிறுநீரகங்களைப் பார்க்கச் சொல்கிறது.

இது ஒருவருடைய கதை இல்லை. பல் மருத்துவ இதழ்களிலும் காது மூக்கு தொண்டை மருத்துவ இதழ்களிலும் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பதிவாகிவரும் காட்சி. ஈறு இருக்கும் இடத்தில் நாக்கை வைத்துக்கொள்ளலாம், மூக்கை வைத்துக்கொள்ளலாம். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி, தலைத்தோல், கண்ணின் உட்படலம், பித்தப்பை, தசை, விரல் நுனி என்று இடங்கள் நீள்கின்றன. சிறுநீரகத்தில் புற்றுநோய் இருப்பதே சிலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. வேறு சிலருக்கோ சிறுநீரகத்தை எடுத்துப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகி, அதெல்லாம் பழைய கதை என்று ஃபைலைப் பரணில் போட்ட பிறகு வருகிறது.

உலகில் ஆண்டுக்கு 4 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் சிறுநீரகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அதில் பெரும்பகுதி சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களில் தொடங்குவது. அந்த வகையிலும் நான்கில் மூன்று பங்கு ‘தெளிசெல்’ புற்றுநோய். எதிர்பாராத இடங்களில் முளைப்பதில் பேர்போனது இதுதான். இது வழக்கமாகப் பரவும் இடங்களும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்த, நோய் பரவிவிட்ட 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வில், நுரையீரலில் பரவியவர்கள் 45 விழுக்காடு, எலும்பில் 30, நிணநீர்க் கணுக்களில் 22, கல்லீரலில் 20, அட்ரீனல் சுரப்பியில் 9, மூளையில் 8. ஒருவருக்கே பல இடங்களில் இருக்கலாம் என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். தைராய்டு, கணையம், மூக்கு எல்லாம் இந்த வரிசையில் மேலே இல்லை. ஆனால் அந்த உறுப்புகளின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. தொல்லை கொடுத்து வெளியே தெரியவரும் தைராய்டுப் பரவல்களில், பிற உறுப்புகளிலிருந்து வந்தவற்றை எண்ணினால் முதலிடம் சிறுநீரகத்துக்கு. கணையத்தில் மட்டும் தனியாகக் குடியேறும் பரவலிலும் அதற்கே முதலிடம். மூக்கிலும் அதைச் சூழ்ந்த எலும்பறைகளிலும், கழுத்தெலும்புக்குக் கீழேயிருந்து வந்து சேரும் புற்றுகளிலும் அப்படியே.

எங்கோ இடுப்புக்கு மேல் முதுகுப் பக்கம் ஒளிந்திருக்கும் உறுப்பு ஏன் இவ்வளவு தூரம் விதைக்கிறது?

புற்றுநோய் எங்கே பரவும் என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேலாக இரண்டு பதில்களை வைத்து வாதாடிவருகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்து 1889-ல் எழுதினார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. கல்லீரலில் அடிக்கடி முளைக்கும் புற்று மண்ணீரலில் அபூர்வமாகவே முளைப்பது ஏன்? விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். பின்னால் வந்த அமெரிக்க நோய்க்கூறியலாளர் ஜேம்ஸ் யூயிங் இதை ஏற்கவில்லை. ரத்தக்குழாய் எந்த வழியில் கொண்டுபோகிறதோ அங்கே புற்று தங்கும், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. சிறுநீரகப் புற்றுநோயைக் கூர்ந்து பார்க்கிறவருக்கு இருவர் பக்கமும் சாட்சி கிடைக்கும். முதலில் வழியைப் பார்க்கலாம்.

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து அரைக் கிலோகூடத் தேறாது. ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுக்குள் போய்த்தான் திரும்புகிறது. அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் அது பெருவெள்ளம் ஓடும் ஆற்றங்கரையில் முளைத்த செடி. தெளிசெல் புற்று அந்த ஆற்றிலேயே இறங்கிவிடும். சிறுநீரகச் சிரைக்குள் விரல்போல் நீண்டு, அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரைக்குள் நுழைந்து, சிலருக்கு இதயத்தின் வலது மேலறை வரை ஏறிவிடுகிறது. மூலம் சிறுநீரகத்தில், நுனி இதயத்தில். அறுவை அரங்கில் இதய நுரையீரல் இயந்திரத்தை ஓடவிட்டு, சிரையைத் திறந்து, அந்தக் கட்டியை முழுதாக உருவி எடுத்து நோயாளியைப் பிழைக்க வைக்கிறார்கள். சிறுநீரக அறுவைசிகிச்சையின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று இது.

சிரைகளின் அமைப்பு இன்னொரு விசித்திரத்தையும் விளக்குகிறது. வலப்பக்க விதைச்சிரை நேராகப் பெருஞ்சிரையில் சேர்கிறது. இடப்பக்கத்தது இடது சிறுநீரகச் சிரையில் சேர்கிறது. இடது சிறுநீரகச் சிரை கட்டியால் அடைபட்டால் விதைப்பையின் இடப்பக்கம் சிரைகள் புடைக்கும், படுத்தாலும் வடியாது. நடுவயதைக் கடந்த ஆணுக்குப் புதிதாக இப்படி வந்தால் வயிற்றை ஸ்கேன் செய்யாமல் அனுப்பக் கூடாது என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். பெண்களுக்கு அதே இடத்தில் சினைப்பைச் சிரை சேர்கிறது. சிறுநீரகப் புற்று அபூர்வமாகப் பிறப்புறுப்புப் பாதையில் முளைத்த பெண்களில் பலருக்கும் கட்டி இடது சிறுநீரகத்தில் இருந்ததற்கு, எதிரோட்டமாகக் கீழிறங்கிய செல்களே காரணம் என்று விளக்குகிறார்கள்.

தலைக்கும் கழுத்துக்கும் போகும் வழியில் ஒரு புதிர் இருக்கிறது. சிரை ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலின் மயிரிழைக் குழாய்களில் வடிகட்டப்பட்ட பிறகே உடலுக்குப் போகிறது. நுரையீரலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் மூக்கில் மட்டும் புற்று முளைப்பது எப்படி? ஃபிலடெல்ஃபியாவின் உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன் 1940-ல் ஒரு பதில் சொன்னார். சடலங்களின் இடுப்புப் பகுதிச் சிரையில் ஊடுகதிரில் தெரியும் திரவத்தைச் செலுத்தி, அது எங்கே போகிறதென்று படமெடுத்தார். அது முதுகெலும்பைச் சுற்றிப் பின்னிக்கிடக்கும் சிரை வலையில் ஏறியது. அந்த வலை இடுப்பிலிருந்து மண்டையோடு வரை நீள்கிறது. அதில் வால்வுகள் இல்லை. கைகால் சிரைகளில் ரத்தம் ஒரே திசையில்தான் போகும்; இங்கே இருமினாலும் முக்கினாலும் வயிற்றில் அழுத்தம் ஏறி ஓட்டம் திசை மாறும். பிரதான சாலையில் சோதனைச் சாவடி இருக்க, பக்கத்தில் கேட்பாரில்லாத ஒரு மண்பாதை. தலைப்பகுதிப் பரவலை விளக்க இன்றும் இந்தப் பாதையைத்தான் முதலில் சொல்கிறார்கள். நுரையீரல் வடிகட்டியைத் தப்பிக் கடந்துபோகும் செல்களும் உண்டு.

வழியால் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. அதற்குத் தைராய்டு நல்ல சாட்சி. தன் எடைக்குத் தைராய்டு பெறும் ரத்தம் மிக அதிகம். வழிதான் எல்லாம் என்றால் அது பரவல்களின் சந்தையாகவே இருந்திருக்க வேண்டும், அப்படி இல்லை. 1931-ல் நோய்க்கூறியலாளர் ரூபர்ட் வில்லிஸ் இதை யோசித்தார். அங்கே ரத்தம் விரைந்து ஓடுவதால் செல்கள் ஒட்டிக்கொள்ள முடிவதில்லை, ஆக்சிஜனும் அயோடினும் நிறைந்த திசுவில் அவை பிழைப்பதும் கடினம் என்பது அவர் வாதம். கழலை விழுந்து, முடிச்சுகள் தோன்றி, ஓட்டம் மந்தமான தைராய்டில் மட்டும் இடம் கிடைக்கிறதாம். நடைமுறையிலும் சிறுநீரகப் புற்று பழைய கழலைக்குள்ளும் தைராய்டின் சாதாரணக் கட்டிக்குள்ளும் போய் உட்கார்ந்திருப்பதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கட்டிக்குள் இன்னொரு கட்டி. இதற்கு மறுபக்கமும் உண்டு: பிற புற்றுகள், குறிப்பாக நுரையீரல் புற்று, வந்து குடியேறும் கட்டிகளில் முன்னிற்பதும் சிறுநீரகப் புற்றுதான். ரத்தமும் கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த இடம் யாருக்கும் பிடிக்கும்போல.

அந்தக் கொழுப்பும் சர்க்கரையும்தான் இந்தப் புற்றுக்குப் பெயர் வைத்தவை. புதிதாக வெட்டிய கட்டி தங்க மஞ்சளாக இருக்கும். நடுவில் ரத்தம் கசிந்த திட்டுகள். ஆய்வகத்தில் அந்தத் துண்டை ஃபார்மலினில் போட்டு, படிப்படியாக ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைத்து, உருக்கிய மெழுகில் பதிக்கிறார்கள். இந்தப் பயணத்தில் செல்லுக்குள் இருந்த கொழுப்பும், கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் கரைந்து வெளியேறிவிடுகின்றன. மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் பண்டமெல்லாம் காலி செய்த அறைகள்போல் செல்கள் வெறிச்சென்று தெரியும். சுவர் தெளிவாக இருக்கும், ஓரமாக ஒரு கரு, உள்ளே ஒன்றுமில்லை. அறைகளைச் சுற்றிக் கம்பி வலைபோல் நுண்ணிய ரத்தக்குழாய்கள். 1883-ல் ஜெர்மானியர் பவுல் கிராவிட்ஸ் இந்த மஞ்சளையும் தெளிவையும் பார்த்து, இது சிறுநீரகத்துக்குள் வழிதவறித் தங்கிய அட்ரீனல் திசுவிலிருந்து பிறக்கிறது என்று நினைத்துவிட்டார். அது பிழை. ஆனால் அவர் பெயரும், அந்தப் பிழையிலிருந்து பிறந்த ‘ஹைப்பர்நெஃப்ரோமா’ என்ற சொல்லும் பழைய அறிக்கைகளில் நெடுங்காலம் உயிரோடு இருந்தன.

கிராவிட்ஸுக்கு நேர்ந்த தடுமாற்றம் இன்றும் வேறு உருவத்தில் நேரலாம். தைராய்டிலிருந்து ஒரு துண்டு வருகிறது. அதில் தெளிவான செல்கள். தைராய்டில் பிறக்கும் சில கட்டிகளுக்கும் இந்தத் தோற்றம் உண்டு. மூலம் எதுவென்று அறிய ஆய்வகம் நம்பும் சாயங்களில் ஒன்று ‘பேக்ஸ்-8’. சிறுநீரகச் செல்லில் அது ஏறும். தைராய்டுச் செல்லிலும் ஏறும். அதை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் தவறிவிட வாய்ப்பிருக்கிறது. தைராய்டுச் செல்லுக்கே உரிய தைரோகுளோபுலின் இருக்கிறதா என்று தனியே பார்த்து, அது இல்லையென்றால்தான் சந்தேகம் சிறுநீரகம் பக்கம் திரும்பும். அந்தச் சந்தேகம் வர, அனுப்பிய சீட்டில் ஒரு வரி இருந்தால் போதும்: இத்தனையாம் ஆண்டு சிறுநீரகம் அகற்றப்பட்டது. பல நேரம் அந்த வரி இருப்பதில்லை. நோயாளி மறைக்கவில்லை. கழுத்துக் கட்டிக்கும் பழைய கிட்னி ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

கணையத்திலும் இதே ஆள்மாறாட்டம். ரத்தக்குழாய்ச் சாயம் ஏற்றி சி.டி. எடுத்தால், தமனிகளில் சாயம் ஓடும் முதல் சில நொடிகளில் இந்தப் பரவல்கள் பளிச்சென்று ஒளிர்ந்து, சற்று நேரத்தில் சூழ்ந்த திசுவோடு கலந்து மங்கிவிடும். அந்த முதல் நொடிகளில் படமெடுக்கவில்லையென்றால் தவறவிடலாம். கணையத்திலேயே பிறக்கும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளும் இதேபோல்தான் ஒளிரும். அவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே உள்ள சிறப்பு ஸ்கேனில்கூட சிறுநீரகப் பரவல் ஒளிர்ந்து குழப்பியதுண்டு.

கணையத்தை மருத்துவர்கள் தனியாக வைத்துப் பேச வேறொரு காரணம் இருக்கிறது. கணையத்தில் புற்று என்றால் குடும்பமே இடிந்துபோகும், அந்தச் சொல்லுக்கு அப்படியொரு பயம். ஆனால் சிறுநீரகத்திலிருந்து கணையத்துக்கு மட்டும் வந்த புற்று அந்த வகையைச் சேர்ந்ததில்லை. சிறுநீரகத்தை எடுத்துச் சராசரியாகப் பத்தாண்டு வாக்கில் அது தென்படுகிறது; பல முடிச்சுகளாக இருந்தாலும் மெதுவாக வளர்கிறது. அகற்ற முடிந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கிறார்கள். எந்தப் பக்கச் சிறுநீரகம் என்பதற்கும் கணையத்தின் தலையா வாலா என்பதற்கும் தொடர்பில்லை என்று செல்னரும் அவர் குழுவினரும் 2006-ல் காட்டினார்கள். பக்கத்திலிருந்து நிணநீர் வழியே தாவியிருந்தால் இடது சிறுநீரகப் புற்று வாலைத்தான் முதலில் பிடித்திருக்கும். உடல் முழுக்கச் சுற்றிய விதை, கணையம் என்ற மண்ணைத் தேர்ந்திருக்கிறது. பேஜெட் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

அந்த விதையிலேயே வேறுபாடு இருக்கிறது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டின. லண்டனில் சம்ரா துராய்லிச், சார்ல்ஸ் ஸ்வான்டன் ஆகியோரின் குழு நூறு நோயாளிகளின் முதற்கட்டியிலும் பரவலிலும் பல இடங்களில் துண்டெடுத்து ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டது. 9-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையை இழந்த செல்களே பரவலுக்கும் மரணத்துக்கும் முன்னின்றன. சில கட்டிகள் தொடக்கத்திலேயே அந்த வல்லமையைப் பெற்று உடலெங்கும் ஒரேயடியாகப் பாய்ந்தன. வேறு சில ஆண்டுக்கணக்கில் ஆறப்போட்டு, ஓரிரு இடங்களில் மட்டும் முளைத்தன. அமெரிக்காவின் டாலஸ் ஆய்வாளர்கள் 2020-ல் கணையப் பரவலைத் தனியே ஆராய்ந்தபோது, அவற்றில் அந்த இழப்பு குறைவாக இருந்தது. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளுக்கு அவை நன்றாகக் கட்டுப்பட்டன; நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளுக்கு அவ்வளவாக இல்லை. ஆக, எங்கே பரவியது என்ற தகவல் எந்த மருந்து என்ற முடிவிலும் சேர்கிறது.

எதிர்பாராத இடங்கள் எல்லாமே சாதுவானவை என்று இதை வைத்து எண்ணிவிடக் கூடாது. தோலில், குறிப்பாகத் தலைத்தோலில், துடிக்கிற சிவந்த முடிச்சாக வருவது பெரும்பாலும் உள்ளே வேறு இடங்களிலும் நோய் பரவியிருப்பதன் அடையாளம். விரல் நுனி எலும்பும் அப்படித்தான்.

எங்கே முளைத்தாலும் இந்தக் கட்டிக்கு ஒரே குணம்: ரத்தம். 1993-ல் கண்டுபிடிக்கப்பட்ட வி.எச்.எல். மரபணுவில் அதற்குக் காரணம் இருக்கிறது. செல்லில் ஆக்சிஜன் குறைந்தால் எச்.ஐ.எஃப். என்ற புரதம் சேர்ந்து, புதிய ரத்தக்குழாய் கேட்டுக் குரல் கொடுக்கும். ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போது அந்தப் புரதத்தைப் பிடித்து அழிப்பது வி.எச்.எல்.-இன் வேலை. தெளிசெல் புற்றில் பெரும்பாலும் அந்த மரபணு பழுதாகியிருக்கிறது. மூச்சு நன்றாக ஓடிக்கொண்டிருக்க, திணறுவதாகவே செல் நம்புகிறது. விடாமல் ரத்தக்குழாய் கேட்கிறது. ஆக்சிஜனைச் செல்கள் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈறுக் கட்டியில் கத்தி பட்டதும் பீறிட்ட ரத்தத்துக்கு விளக்கம் இதுவே. எலும்பில் பரவியதை அறுவை செய்யுமுன், குழாய் வழியே சென்று அதன் ரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டுத் தொடங்குவதும் இதனால்தான்.

மருந்துகளில் பலவும் பிறந்தது இந்த வழியில்தான். அதற்கு முன், 1992-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட, நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 சிலரை முழுதாகக் காப்பாற்றியது. ஆனால் அந்தச் சிலர் மிகக் குறைவு, பக்கவிளைவோ கடுமை. 2005 இறுதியில் சொராஃபெனிபும் 2006 தொடக்கத்தில் சுனிடினிபும் வந்தன, இரண்டும் அந்த ரத்தக்குழாய்க் குரலை அடக்குபவை. 2015-ல் நிவோலுமாப், இது நோயெதிர்ப்பைத் தூண்டுவது. எச்.ஐ.எஃப். புரதத்தையே நேராகத் தடுக்கும் பெல்சுடிஃபான் 2021-ல் வி.எச்.எல். பழுதைப் பரம்பரையாகப் பெற்ற நோயாளிகளுக்கும், 2023-ல் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கும் அனுமதி பெற்றது.

மருந்து எதுவும் இல்லாத காலத்திலேயே ஒரு பெண்மணி பிழைத்தார். பாஸ்டனில் அறுவை மருத்துவர்கள் பார்னியும் சர்ச்சிலும் அவருடைய சிறுநீரகத்தை எடுத்து, நுரையீரலில் பரவியிருந்த பகுதியையும் அறுத்தெடுத்து, அதை 1939-ல் எழுதி வெளியிட்டார்கள். பரவிவிட்ட புற்றுக்குக் கத்தி வைப்பது வீண் என்று கருதப்பட்ட காலம் அது. அந்தப் பெண்மணி அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்தார். ஓரிடத்தில் மட்டும் முளைத்த பரவலை அகற்றலாம் என்று இன்று துணிவதற்கு அடிப்படை அந்த மேசையில் போடப்பட்டது.

நோயாளிகள் அடிக்கடி கேட்பது, இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது என்று. இந்தப் புற்றின் காலக்கணக்கே வேறு. 3-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை இழக்கப்படுவதுதான் பலருக்கும் முதல் அடி. அது குழந்தைப் பருவத்திலோ பதின்பருவத்திலோ, சில நூறு செல்களுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது என்று 2018-ல் வெளியான இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. கட்டியாகக் கண்ணுக்குத் தெரிவதோ அறுபதை ஒட்டி. நாற்பது, ஐம்பது ஆண்டு பொறுத்திருக்கத் தெரிந்த செல்லுக்கு, அறுவைக்கு முன்பே பிரிந்துபோய் வேறோர் உறுப்பில் இருபது ஆண்டு அடங்கிக்கிடப்பது பெரிதில்லை. சிறுநீரகம் எடுத்தவர்களை முதல் ஐந்தாண்டு ஒழுங்காக ஸ்கேன் செய்கிறார்கள்; அதற்குப் பின் எவ்வளவு காலம் என்பதை நோயாளியோடு பேசி முடிவு செய்யச் சொல்கின்றன அமெரிக்க வழிகாட்டு நெறிகள். அந்தப் பேச்சு பல இடங்களில் நடப்பதே இல்லை என்பதுதான் வருத்தம். “கிட்னியை எடுத்தாச்சு, அதோட சரி” என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில நேரம் ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதோடு, எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டைகளை ஆய்வகங்கள் பல ஆண்டுகள் பாதுகாக்கின்றன. சதுரச் சாக்லேட் துண்டு அளவில், எண் எழுதி, அலமாரியில். கேட்டால் கிடைக்கலாம். தைராய்டுத் துண்டில் சந்தேகம் வந்த ஒரு நோய்க்கூறியலாளர் அந்தக் கட்டையை வரவழைத்து, மீண்டும் ஒரு சீவல் சீவி, பழைய சிறுநீரகத்தையும் புதிய கழுத்துக் கட்டியையும் அடுத்தடுத்து நுண்ணோக்கியில் வைக்கிறார். இரண்டிலும் அதே காலி அறைகள், அதே கம்பி வலை.